ராசியில்லாத மடி

இந்தத் தொடரில் போன வாரம் என்னை அம்பத்தூர் லேத் பட்டறையிலேயே நிறுத்தி வைத்திருந்தேன். இந்த வாரம் பட்டறைக்கு லீவு. பென்னலூரில் ஒரு பந்தலுக்கு அடியில், புது வேட்டி சட்டையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் மடியில் அக்கா கஸ்தூரியின் மூத்த மகன் தினேஷ். ஒரு வயது நிறையப் போகிறது. அப்போதுதான் மொட்டை அடித்துத் தலை முழுக்கச் சந்தனம் அப்பியிருந்தார்கள். அந்த ஈரம் என் சட்டையைத் தாண்டி நெஞ்சில் சில்லென்று இறங்கியது. கையில் கொடுத்த வாழைப்பழத்தைப் பாதி தின்றுவிட்டு, மீதியை என் வேட்டியில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

காது குத்து என்றால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு மறுபேச்சே கிடையாது. மற்ற நாளில் என்னை எவன் மதித்தான்? வடக்குப்பட்டில் இருந்து விடியலில் பஸ் ஏறி, பொழுது சாய்ந்து ஆயில் கறையோடு திரும்புகிற பயல். அன்றைக்கு மட்டும் மாலை, மேளம், தாம்பாளம். எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது, மறைப்பானேன்.

ஆசாரி வலது காதில் குத்தினார். பையன் வீறிட்டான். கூடியிருந்த சனம் சிரித்தது. காது குத்தும்போது பிள்ளை அழுதால் எல்லாருக்கும் ஏன் சிரிப்பு வருகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆசாரி இடது காதுக்குப் போவதற்குள் நான் குனிந்து பார்த்தேன். வலது காதில் இருந்து ரத்தம் கோடாக இறங்கிக் கழுத்துச் சந்தனத்தில் கலந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் இருங்க ஆசாரி. ரத்தம் வருது."

"வரத்தான்ப்பா செய்யும். தானா நின்னுடும்" என்றார் ஆசாரி.

அது நிற்கவில்லை.

காப்பித்தூளும் மஞ்சளும்

அக்காவின் மாமியார் முனியம்மா, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், மஞ்சளை அப்பினார். பிறகு யாரோ காப்பித்தூள் என்றார்கள், அதையும் வைத்தார்கள். இன்னொரு பெண் சுண்ணாம்பு கொண்டு வந்தாள். இதற்குள் பந்தி ஆரம்பித்துவிட்டது. வந்தவர்கள் சாப்பிட்டார்கள், வடை நன்றாயிருக்கிறது என்றார்கள், மொய் எழுதிவிட்டுக் கிளம்பினார்கள். நான் ஓரமாகப் பையனை வைத்துக்கொண்டு, காதைத் துணியால் அழுத்தியபடியே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் தலையணை நனைந்திருந்தது. பையன் அழுவதைக்கூட விட்டுவிட்டுத் துவண்டு கிடந்தான். ஶ்ரீபெரும்புதூர் டாக்டர் கட்டுப் போட்டுப் பார்த்தார். கட்டும் நனைந்தது. "இங்க வச்சிக்கினு இருக்காதீங்க, மெட்ராசுக்குப் போங்க" என்று அவரே சொல்லிவிட்டார். அக்கா, அக்கா புருஷன் சேகர் மாமா, அம்மா, நான் நாலு பேரும் பஸ் ஏறினோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் பையனுக்கு ஒரு பாட்டில் ஏற்றினார்கள். ரத்தம் இல்லை. ரத்தத்தில் இருந்து பிரித்தெடுத்த, வைக்கோல் நிறத்தில் ஒரு தண்ணீர். அது ஏற ஏறக் காதில் கசிவு குறைந்தது. மாலையில் பையன் கண் திறந்து பால் கேட்டான். சேகர் மாமா வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ரைஸ் மில்லில் வேலை செய்கிறவர், பேச்சு கம்மி. அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் கிட்டே போகவில்லை.

இரண்டு மோட்டார்

இரண்டு நாள் கழித்து ஒரு டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கண்ணாடி போட்டவர், நடுத்தர வயது, அவசரமே படாதவர். பையனின் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். அங்கங்கே நீலமாகக் கன்றிப்போயிருந்தது.

"இது எப்பலேர்ந்து இருக்கு?"

"தவழ ஆரம்பிச்சதுலேர்ந்து கீதும்மா" என்றாள் அக்கா. "ராத்திரியில காத்து கருப்பு கிள்ளிட்டுப் போவுதுன்னு தாயத்து கட்டினாங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. ரத்தத்தை உறைய வைக்கிற ஒரு பொருள் இவன் உடம்பில் ரொம்பக் குறைவு, பிறக்கும்போதே அப்படி, தரையில் முட்டினாலே உள்ளே கசியும் என்று சொன்னார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"உங்க வழியில ஆம்பளப் பிள்ளைங்க யாராவது இப்படி ரத்தம் நிக்காம இறந்திருக்காங்களா? கூடப் பிறந்தவங்க, பெத்த பிள்ளைங்க?"

அம்மா தலையைக் குனிந்தபடியே சொன்னாள். "இல்லம்மா. அப்படி யாரும் இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லம்மா."

எங்களுக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு பிள்ளை பிறந்து தங்கவில்லை என்பது எனக்கும் தெரியும். தாய்வீட்டில், வந்தவாசிப் பக்கம், காய்ச்சல் கண்டு போய்விட்டது என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தக் காலத்தில் அப்படிப் போன பிள்ளை இல்லாத வீடு எது? அதனால் அந்தப் பதிலில் எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

டாக்டரம்மா விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். கிணற்றுக்கு மோட்டார் இருக்கிறதல்லவா, பெண்களுக்கு அதில் இரண்டு. ஒன்று பழுதானாலும் இன்னொன்று தண்ணீர் இறைத்துவிடும், வயல் காயாது. பெண் நன்றாகவே இருப்பாள். ஆணுக்கு ஒரே மோட்டார். அம்மாவிடம் இருந்து அவனுக்கு வருவது பழுதான மோட்டாராக இருந்துவிட்டால் தீர்ந்தது. எது வரும் என்பது பூவா தலையா போடுகிற மாதிரி.

"அப்ப எனக்கு?" என்று கேட்டேன். பட்டறையில் எத்தனையோ தடவை கையைக் கிழித்துக்கொண்டதையும், ரத்தம் தானாக நின்றதையும் சொன்னேன்.

"உங்களுக்கு இல்ல. உங்க மூலமா உங்க பிள்ளைங்களுக்கும் வராது."

ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் நானும் அக்காவும். எனக்கு நல்லது விழுந்திருக்கிறது. நான் என்ன செய்து சம்பாதித்தேன் அதை? ஒன்றும் செய்யவில்லை. அன்றைக்கு அந்த நாற்காலியில் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, அக்கா முகத்தைப் பார்க்க முடியாமலும் இருந்தது.

கிளம்பும்போது டாக்டரம்மா அக்காவிடம் கண்டிப்பாகச் சொன்னார். "குடும்பத்துல இல்லாம இவனுக்கே புதுசாவும் வந்திருக்கலாம். ஆனா அடுத்தது பையனா பிறந்தா, டெஸ்ட் எடுத்துப் பாக்காம காது குத்துறது, மொட்டை போடுறது எதுவும் கூடாது."

மாமன் மடி ஆகாது

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கிறவர்களுக்குப் பையன் என்ன ஆனானோ என்று மனசு அடித்துக்கொள்ளும். தினேஷ் நன்றாக இருக்கிறான். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறான். ஒரு முட்டி மட்டும் சரியாக மடங்காது. அவன் வீட்டு ஃப்ரிட்ஜில் தயிருக்கும் மல்லிகைப்பூவுக்கும் நடுவில் அவனுக்கு வேண்டிய ஊசி மருந்து இருக்கும். வலி வரும் என்று தோன்றினால் தானே போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடுவான். அவன் சின்னப் பையனாக இருந்தபோது இந்த மருந்தை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை.

திரும்புவோம். டாக்டரம்மா சொன்னதைச் சேகர் மாமா அவர் வீட்டில் போய்ச் சொன்னார். முனியம்மா அத்தை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு கணக்குப் போட்டார். பெண் வழியில் யாருக்கும் இல்லை என்று சம்பந்தியே சொல்லியாயிற்று. தங்கள் வழியில் இல்லவே இல்லை. அப்படியானால் பையனுக்கு இது எப்போது வந்தது? காது குத்தும்போது. எங்கே உட்கார்ந்திருந்தான்? என் மடியில்.

சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஜோசியர் இருந்தார். என் நட்சத்திரத்தையும் பையன் நட்சத்திரத்தையும் வைத்துப் பார்த்து, "மாமன் மடி ஆகாது" என்று சொல்லிவிட்டார். அதோடு முடிந்தது. பெரிய ஆஸ்பத்திரி, பாட்டில், டாக்டரம்மா எல்லாம் ஒரு தட்டில். என் மடி ஒரு தட்டில். என் மடிதான் கனமாக இருந்தது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. பட்டறையில் கூட வேலை செய்கிறவர்களிடம் சொன்னேன். அவர்கள் ஒரு மாதத்துக்கு என்னை மடி மடி என்று கூப்பிட்டார்கள்.

அக்காவுக்கு அடுத்ததும் பையனாகப் பிறந்தது. பிரகாஷ் என்று பெயர் வைத்தார்கள். தொண்ணூற்றொன்றில் அவனுக்கு ஒரு வயது ஆகப்போகும்போது முனியம்மா அத்தை எங்கள் வீட்டுக்கு வெற்றிலை பாக்கோடு வந்தார். பிரகாஷுக்குக் காது குத்துகிறார்கள். மடியில் வைத்துக்கொள்ளப் போகிறவன் ஏகாம்பரம். என் பெரியம்மா மகன். முறைக்கு அவனும் தாய்மாமன்தான். அவன் மடி என் மடியைவிட அகலம், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"அத்தே, டாக்டரம்மா சொன்னது மறந்துட்டீங்களா? இவனுக்கும் இருந்தா என்னா பண்றது? டெஸ்ட் எடுத்துட்டுக் குத்துங்க."

"எங்கேர்ந்துப்பா வரும்? உங்க வம்சத்துல இல்லன்னு உங்கம்மா சொல்லிச்சி. எங்க வம்சத்துலயும் இல்ல. ஆகாசத்துலேர்ந்து வருமா?"

"அதுக்காக என் மடியிலேர்ந்து வருமா?"

"பாத்தியா, அதான் உனக்கு எரியுது" என்றார் அத்தை. கோபமாகச் சொல்லவில்லை, பரிவாகவே சொன்னார். "உன் மரியாதைக்கு ஒரு கொறையும் வராது. மாமன் சீரு நீதான் கொண்டாரணும். மடி மட்டும் வேணாம்."

சீர் வேண்டுமாம், மடி வேண்டாமாம். நான் வாயைத் திறந்தால் போதும், மானம் போனதால் பேசுகிறான் என்று ஊரே சொன்னது. சேகர் மாமாவிடம் போனேன். "அம்மா முடிவு பண்ணிட்டாங்க குமாரு" என்று தரையைப் பார்த்தார். அக்கா கொல்லைப்பக்கம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"எனக்குப் பயமா கீதுடா. நான் வேணாம்னா, அப்ப என் ஒடம்புலதான் இன்னாவோ கீதுன்னு ஆயிடும். இப்பவே பெரியவன் வுழுந்தா என்னைத்தான் பாக்கறாங்க. நீ எதுனா பண்ணு."

நான் என்ன செய்வது? சத்தம் போடத்தான் எனக்குத் தெரியும். போட்டாயிற்று. வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னபோது அம்மா முறத்தோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டே அரிசியில் கல் பொறுக்கினாள். அதிலும் எனக்குக் கோபம்தான்.

பந்தலுக்கு நடுவில்

அதே பந்தல், அதே ஆசாரி. தாம்பாளங்களைக் கொண்டுபோய் இறக்கி வைத்துவிட்டு நான் ஓரமாக நின்றேன். ஏகாம்பரம் மாலையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. அவனே வியர்த்துக் கொட்டிக்கொண்டுதான் இருந்தான்.

பையனின் தலையில் தண்ணீர் தெளித்தார்கள். மொட்டை அடிக்கிறவர் கத்தியைத் தீட்டினார். அக்கா பையனின் காலை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் ஒரு முடிவோடு வந்திருந்தேன். எவன் என்ன சொன்னாலும் சரி, பையனைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவது. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. என் யோசனை அவ்வளவுதான் போகும்.

நான் காலை எடுத்து வைப்பதற்குள் அம்மா வந்துவிட்டாள்.

இதில் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்பா போனதில் இருந்து அம்மா எந்த விசேஷத்திலும் பந்தலுக்குள் வந்ததில்லை. சமையல் நடக்கிற பக்கமே நின்றுகொள்வாள். யாரும் போகச் சொல்ல வேண்டியதில்லை, தாலி இழந்த பெண்கள் தாங்களே ஒதுங்கிக்கொள்வார்கள். எனக்கு அந்த வழக்கத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும், ஆனால் நானும் அதுவரை எதுவும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவள் மணைக்கு முன்னால் வந்து நின்று, பேரனின் ஈரத் தலைமேல் தன் கையை வைத்து மூடினாள்.

மேளம் தானாக நின்றது.

"கத்தியக் கீழ வைங்கப்பா" என்றாள். "என் மவன் மடியில ஒண்ணும் இல்ல. எல்லாம் எங்க வூட்டு ரத்தத்துலதான் கீது."

முனியம்மா அத்தை எழுந்தார். "இன்னா சம்பந்தி பேசற? நீதான இல்லன்னு சொன்ன?"

"பொய் சொன்னேன்."

அம்மாவுக்குச் சத்தமாகப் பேசி வழக்கமில்லை. அதனால் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டியதாயிற்று. தனக்கு முதலில் பிறந்தது ஆண் பிள்ளை என்றாள். தாய்வீட்டில் இருந்தபோது நடை பழகிக்கொண்டிருந்தான். அவனை வாசலில் விட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தான். சின்னக் காயம்தான். ஆனால் இரவும் பகலும் வாயில் இருந்து வந்துகொண்டே இருந்தது.

"காச்ச ஒண்ணும் இல்ல. ரத்தம் போயிதான் செத்தான். காச்சன்னு சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். என் தம்பிக்கும் அப்படித்தான், முட்டி ரெண்டும் பானை மாதிரி வீங்கிக்கும். முள்ளு குத்திச் செத்தான். முள்ளு குத்தி யாருனா சாவாங்களா?"

"தெரிஞ்சேவா எங்க வூட்டுக்குப் பொண்ணு குடுத்த?" என்றார் அத்தை.

"எனக்கு இன்னா தெரியும்? பயம்தான் தெரியும். அன்னிக்கி அந்த டாக்டரம்மா கேட்டப்பதான் ரெண்டும் ஒண்ணுன்னு வெளங்கிச்சி. சொன்னா என் பொண்ண வூட்டுக்கு அனுப்பிடுவீங்கன்னு வாய மூடிக்கினேன். இப்பவும் அனுப்பறதுன்னா அனுப்புங்க. புள்ளயோட அனுப்புங்க. இந்தக் காதுல ஊசி படக்கூடாது."

அடுப்பில் சாம்பார் கொதிக்கிற சத்தம் கேட்டது. அக்கா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேகர் மாமாதான் முதலில் அசைந்தார். ஏகாம்பரத்தின் மடியில் இருந்து பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு துண்டால் அவன் தலையைத் துவட்டினார். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார். பிறகு தன் அம்மாவைப் பார்த்து, "யாரும் எங்கயும் போவ வேணாம்" என்றார். கல்யாணமானதில் இருந்து தன் அம்மாவின் எதிரில் அவர் பேசிய முதல் பேச்சு அது என்று அக்கா பிற்பாடு சொன்னாள்.

வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினோம். சமைத்ததை என்ன செய்வது?

அம்மா கேட்டது

அந்த வருஷத்து வெயில் காலத்தில்தான் எங்கள் ஊர்ப் பெயர் எல்லாப் பேப்பரிலும் வந்திருந்தது. ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுகிறவரிடம் ஶ்ரீபெரும்புதூர் பக்கம் என்றால் போதும், தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பார். அதைப் பற்றி ஏதாவது சொல்லுவோம் என்று காத்திருப்பார். எங்களுக்கு எங்கள் கவலை.

பையனுக்கு மெல்லிய ஊசியால் ரத்தம் எடுத்தார்கள். எடுத்த இடத்தை ஒரு நர்ஸ் வெகுநேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். முடிவு தெரிய நாளாகும் என்றார்கள். அந்த நாட்களில் எனக்கு லேத்தில் ஓடுகிற எதுவும் அளவுக்கு வரவில்லை, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மறுபடி போனபோது அதே டாக்டரம்மா. காகிதத்தைப் பார்த்துவிட்டு நேராக அக்காவிடம் சொன்னார்.

"இவனுக்கு இல்லம்மா. நல்லா இருக்கான்."

அக்கா பையனை இறுக்கிக்கொண்டு அழுதாள். சேகர் மாமா கும்பிட்டார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிற்பாடு இதைக் கேட்டு முனியம்மா அத்தை, "அப்ப அன்னிக்கே குத்தி இருக்கலாமே" என்றார் பாருங்கள், அது வேறு கதை.

நாங்கள் எழுந்தோம். அம்மா எழவில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னால் எப்போதும் நுனியில் உட்காருகிறவள், அன்றைக்கு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா? அதான் பேரன் நல்லா இருக்கானே" என்றார் டாக்டரம்மா.

"இவன் இல்லம்மா. என் பையன்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். இவன் இல்லை என்று அம்மா தலையை ஆட்டினாள்.

"இவனுக்கு முன்ன பொறந்தவன். அன்னிக்கி அப்படி யாரும் இல்லன்னு உங்ககிட்ட பொய் சொன்னேனே, அவன்." பந்தலில் சொன்னதை மறுபடியும் சொன்னாள். நடுவில் ஓரிடத்தில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, மீதியையும் சொல்லி முடித்தாள்.

"பேர் என்ன?"

"ஏழுமலை."

என் அண்ணனின் பெயரை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"நான் தண்ணிக்குப் போவாம வூட்டுலயே இருந்திருந்தா பொழச்சிருப்பான்னு எல்லாரும் சொன்னாங்கம்மா. எங்கம்மாவே சொல்லிச்சி. நானும் அப்படித்தான் நெனச்சிக்கினு கீறேன். நான் போவாம இருந்திருந்தா?"

வெளியே அடுத்த ஆட்கள் காத்திருந்தார்கள். டாக்டரம்மா நாற்காலியை இழுத்து அம்மாவுக்கு எதிரில் போட்டுக்கொண்டார்.

"நடை பழகுற பிள்ளை விழாம இருக்குமாம்மா? நீங்க பக்கத்துலயே நின்னிருந்தாலும் விழுந்திருப்பான். எல்லாப் பிள்ளையும் விழும், எல்லாப் பிள்ளையும் நாக்கைக் கடிச்சுக்கும். மத்த பிள்ளைங்களுக்குக் கொஞ்ச நேரத்துல நின்னுடும். ஏழுமலைக்கு நிக்காது. அன்னைக்கு அவனைக் காப்பாத்துற மருந்து உங்க ஊர்ல யார்கிட்டயும் கிடையாது. நீங்க தண்ணிக்குப் போனதால அவன் சாகலம்மா."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் விட்டுவிடக்கூடாது என்பதுபோல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தபா சொல்லுங்கம்மா" என்றாள்.

டாக்டரம்மா இன்னொரு முறை சொன்னார்.